பச்சை மணி

ஆதிலட்சுமி: ...கேட்டு வழியா வந்தா வாட்ச்மேன் வுட்டிருக்க மாட்டானே. எப்பிடிடி உள்ள வந்த?

வாசுகி: பின்னாடி முள்ளுவேலி பிஞ்சி கெடக்குதில்ல. அது வழியா.

ஆதிலட்சுமி: தாவணி கிழிஞ்சிருக்குது பாரு. அங்க உக்காராத, பூராவும் உடைஞ்ச கோப்பை. குத்தும். இப்பிடி வா, வேப்பமரத்தாண்ட.

வாசுகி: சோறு துன்னுட்டியா?

ஆதிலட்சுமி: இப்பதான் தூக்கைத் தொறந்தன். பழையது. ஒரு வாய் துன்னு.

வாசுகி: வேணாம்.

ஆதிலட்சுமி: திங்கக்கெழமை மத்தியானம் பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு பீங்கான் கம்பெனிக்குப் பின்னால வந்து நிக்கிது. ஸ்கூலு லீவா?

வாசுகி: உங்க மேஸ்திரி இருக்காரா?

ஆதிலட்சுமி: மாயவன் மேஸ்திரியா? சாப்புட வூட்டுக்குப் போயிருக்காரு. அவரு எதுக்கு ஒனக்கு?

வாசுகி: சும்மா.

ஆதிலட்சுமி: சும்மா யாருனா மேஸ்திரியத் தேடுவாங்களா... இங்க பாரு. மூஞ்சியத் திருப்பு. அழுதியா?

வாசுகி: சூளைப் புகை.

ஆதிலட்சுமி: சூளைய வியாழக்கெழமையே பிரிச்சாச்சி. இன்னும் பத்த வைக்கல. நெருப்புப் போடுறவரே உங்கப்பாரு, என்கிட்ட வந்து புகைங்கிற.

வாசுகி: ஆதி... பீங்கான் மணி தேய்க்கிறதுக்கு ஆளு வேணுமின்னு போன மாசம் சொன்னியே.

ஆதிலட்சுமி: சொன்னன். யாருக்கு?

வாசுகி: எனக்குத்தான்.

ஆதிலட்சுமி: வெளையாடாத.

வாசுகி: வெள்ளிக்கெழமையோட என் படிப்ப நிறுத்தியாச்சிடி.

ஆதிலட்சுமி: யாரு, ஹெட்மாஸ்டரா?

வாசுகி: எங்கப்பா. மத்தியானம் ரெண்டாவது பீரியடு, கணக்குப் பாடம். திரும்பிப் பாத்தா வாசல்ல நிக்கிறாரு. வேட்டியில பீங்கான் மாவு, தலையில மாவு. வேலைய வுட்டு அப்பிடியே வந்திருக்காரு. சாருகிட்டகூட ஒரு வார்த்த கேக்கல. பையை எடுத்துக்கினு வான்னாரு. அவ்ளோதான். எழுதிக்கினு இருந்த கணக்க முடிக்கக்கூட வுடல.

ஆதிலட்சுமி: லீடரு எலெக்‌ஷன்ல ஜெயிச்சாதான நிறுத்துவன்னாரு? மேடையேறி ஆம்பளப் பசங்களுக்கு உத்தரவு போடுற பொண்ண எவன் கட்டுவான்னு சத்தம் போட்டாருன்னு நீதான சொன்ன. தோத்ததுக்கு எதுக்கு நிறுத்துனாரு?

வாசுகி: தோத்ததுக்கு இல்ல. சிரிச்சதுக்கு. இங்க சூளையாண்ட எல்லாரும் சிரிச்சாங்களாம். பழமல, ஒம் பொண்ணு ஜாடியில கஞ்சி காச்சினாளாமே, எங்களுக்கு ஒரு டம்ளரு கெடையாதான்னு. ஸ்ரீமுஷ்ணத்துல இருந்து பொண்ணு பாக்க வரன்னவங்களுக்கும் சேதி போயிடிச்சி. அவங்க கேட்டது, எலெக்‌ஷன்ல நின்ன பொண்ணான்னு. ஜெயிச்சாளா தோத்தாளான்னு அவங்க கேக்கவே இல்ல.

ஆதிலட்சுமி: அடிப்பாவி...

வாசுகி: வேலைக்கிப் போற பொண்ணுன்னா கல்யாணத்த ஒரு வருசம் தள்ளிப் போடலாமுன்னு அம்மா சொல்லுது. அப்பா வந்து மேஸ்திரிய கேக்க மாட்டாரு. அவருக்குத் தலை நிமிர முடியல. நீ ஒரு வார்த்த சொல்லு.

ஆதிலட்சுமி: சொல்ல மாட்டன்.

வாசுகி: ஏன்டி?

ஆதிலட்சுமி: நீ இங்க வந்து உக்காந்து மணிக்கு ஓரம் தேய்க்கவா நான் வெளியில நின்னு ஒன்னப் பாத்துக்கினு இருந்தன்? ...எல்லாம் என்னால வந்த வெனை.

வாசுகி: ஆரம்பிச்சிட்டியா.

ஆதிலட்சுமி: இல்லியா பின்ன? கோதண்டபாணி சாரு என்னத் தேடிக்கினு வந்தாரு. ஸ்கூல வுட்டு நின்னு ரெண்டு வருசம் ஆவுது, பேரு மறக்கல அவரு. காயிதத்துல ஓட்டு வச்சா யாரு கையெழுத்துன்னு பசங்க கண்டுபுடிச்சி அடிச்சிக்கிறானுங்க, ஆளுக்கு ஒரு பீங்கான் மணி குடுத்து ஜாடியில போடச் சொல்லப் போறன், முன்னூறு மணி கெடைக்குமான்னு கேட்டாரு. ஹீட்டர் கம்பியில கோக்குற மணி, இங்கதான் குமிஞ்சி கெடக்குதே. சந்தோசத்துல தலையாட்டிட்டன். எலெக்‌ஷன் புதன்கெழமை, சூளை பிரிக்கிறது வியாழக்கெழமை. சுட்ட மணிக்கு எங்க போவன்? சுடாத பச்ச மணிய அள்ளிக் குடுத்துட்டன். பாக்க ரெண்டும் வெள்ளைதான.

வாசுகி: பச்ச மணியா இருந்தா என்னா? காஞ்ச ஜாடியில கெடந்தா பத்து வருசத்துக்கு அப்பிடியே கெடக்கும்.

ஆதிலட்சுமி: அதான் நானும் நெனச்சன். தண்ணி படுமின்னு யாரு கண்டா? ...அன்னிக்கு உள்ள என்னதான்டி நடந்திச்சி? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வாசுகி: சொல்றதுக்கு என்னா இருக்குது. ட்ராயிங் ரூமுல ஒரு தட்டி கட்டியிருந்திச்சி. தட்டிக்கு அந்தாண்ட பெஞ்சி மேல ரெண்டு ஊறுகாய் ஜாடி, ஒண்ணுல எம் பேரு, ஒண்ணுல தருமராசு பேரு. ஒவ்வொருத்தரா உள்ள போயி மணியப் போட்டுட்டு வரணும். ஆறாவதுல இருந்து ஆரம்பிச்சாங்க. எலெக்‌ஷன்ல நின்னவங்க கடைசியில. தருமராசு போயிட்டு வந்தான், அப்புறம் நான்.

ஆதிலட்சுமி: அப்புறம்?

வாசுகி: ரூம பூட்டிட்டு சாப்புடப் போனம். பெல்லு அடிச்சப்புறம் ஹெட்மாஸ்டரு மேசையில எண்ணுனாங்க. மொதல்ல அவன் ஜாடி. சாரு கவுத்தாரு, கலகலன்னு கொட்டிச்சி. நூத்திப் பதிமூணு. அப்புறம் என்னுது. மேல கெடந்த மணி கொஞ்சம் வுழுந்திச்சி. அதுக்கப்புறம் கொழகொழன்னு... பாலு மாதிரி. மேசை பூரா ஓடி, ரெஜிஸ்டரு மேல ஏறி, ஹெட்மாஸ்டரு மடியில போயி சொட்டிச்சி. சிரிக்கிறியா?

ஆதிலட்சுமி: இல்லடி. அவரு சலவ வேட்டிய நெனச்சன்.

வாசுகி: சிரி. ஊரே சிரிச்சிது. நீ ஒருத்திதான் பாக்கி.

ஆதிலட்சுமி: கோச்சிக்காத. சொல்லு.

வாசுகி: முழுசா இருந்தது பதினேழு மணி. தண்ணிக்கு மேல கெடந்ததுங்க.

ஆதிலட்சுமி: கரைஞ்சது பூரா ஒனக்கு வுழுந்ததுதான. மொத்தம் குடுத்ததுல கழிச்சிப் பாத்தா ஆறாவது புள்ளகூட சொல்லுமே.

வாசுகி: சாரும் அதத்தான் சொன்னாரு. ஹெட்மாஸ்டரு மடியத் தொடச்சிக்கினே, ஜாடியில இருக்கிறதுதான் ஓட்டு, கரைஞ்சது ஓட்டு இல்லன்னுட்டாரு. அப்ப சாரு தருமராசு பக்கம் திரும்புனாரு. நீ சொல்லு தம்பி, ஒனக்கே தெரியும், நாளைக்கி மறுபடியும் வைக்கலாமான்னு கேட்டாரு.

ஆதிலட்சுமி: அவன்?

வாசுகி: ஜன்னலப் பாத்தான். வெளியில அவன் பசங்க எல்லாம் கம்பியப் புடிச்சித் தொங்கிக்கினு இருந்தானுங்க. அவனுங்க மூஞ்சியப் பாத்துட்டு, எண்ணுனது எண்ணுனதுதான் சார்ன்னான்.

ஆதிலட்சுமி: தருமராசா? ஏழாவதுல அணிலு செத்துப் போச்சின்னு ரெண்டு நாளு சோறு துன்னாதவன்டி அவன். அத நம்ம ஸ்கூலு மல்லிச் செடிக்கிட்ட பொதைச்சானே.

வாசுகி: சாருக்கும் அந்த அணிலு ஞாபகம் வந்திருக்கும். மூணு வருசமா வெள்ளிக்கெழமையானா மன்றம் நடத்துனாரு. இவன் தண்ணிப்பானைக்கு மந்திரி, இவன் கரும்பலகைக்கு மந்திரின்னு வச்சி, எதுத்துப் பேசுறவன் பேச்ச மொதல்ல கேளுங்கடான்னு தொண்டத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்தாரு. அப்பிடியே நாற்காலியில உக்காந்துட்டாரு. இன்னிக்கித்தான்டா நீ லீடரு ஆனன்னாரு. ஜன்னல்ல இருந்த பசங்க கை தட்டுனானுங்க. திட்டுறாருன்னு ஒருத்தனுக்கும் புரியல.

ஆதிலட்சுமி: அவனுக்குமா?

வாசுகி: அவனுக்குப் புரிஞ்சிச்சி. காது ரெண்டும் செவந்து போச்சி. ஆனா அடுத்த நாளு ப்ரேயர்ல வந்து நின்னு அட்டென்ஷன்னு ஒரு கத்து கத்துனான் பாரு. அதுல அந்த செவப்பு இல்ல. ஒரே ராத்திரியில போயிடிச்சி.

ஆதிலட்சுமி: பச்ச மணி யாரு குடுத்தான்னு ஹெட்மாஸ்டரு கேட்டாராமே.

வாசுகி: கேட்டாரு. நான்தான் வாங்கியாந்தன், என் தப்புன்னுட்டாரு சாரு. ஒம் பேர சொல்லவே இல்ல. மன்றத்தையே அவருகிட்ட இருந்து எடுத்துட்டாங்க. இந்த வெள்ளிக்கெழமை மன்றம் நடக்கல.

ஆதிலட்சுமி: தெரியும். வியாழக்கெழமை சாயங்காலம் அவரு வூட்டாண்ட போயி நின்னன். ஹெட்மாஸ்டருகிட்ட நானே சொல்லிடுறன் சாருன்னு சொல்லத்தான் போனன். வாய் வரல. அவரே சொல்றாரு, நீ ஒண்ணும் பேசாத, கம்பெனிக்குத் தெரிஞ்சா ஒன் வேலை போயிடுமின்னு. பேசாம இருக்கிறதுதான் எனக்கு ரொம்ப நல்லா வருமே.

வாசுகி: ஒன்ன சபாநாயகரு ஆக்குனாரே ஒன்பதாவதுல... ஞாபகம் இருக்குதா?

ஆதிலட்சுமி: சொல்லாத.

வாசுகி: அமைதின்னு ஒரே வார்த்த சொல்லணும். நீ எழுந்து நின்ன... நின்ன... நீ நின்ன நிப்பப் பாத்து கிளாஸே அமைதி ஆயிடிச்சி.

ஆதிலட்சுமி: போடி. அதுக்கு அடுத்த மாசந்தான ஸ்கூல வுட்டு நின்னுட்டன். வயசுக்கு வந்த பொண்ணு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கினு உக்காந்திருக்க முடியுமா? ஓடையாண்ட போனா பசங்க கல்லு வுடுறானுங்க. அத யார்கிட்ட சொல்லுவன்? வயித்துவலின்னு சொல்லிட்டு நின்னன்.

வாசுகி: அதத்தான மேடையில பேசுனன்.

ஆதிலட்சுமி: கேட்டன். மதிலுக்கு இந்தாண்ட ரோட்டுல நின்னு கேட்டன். வேலைக்கிப் போவ நேரமாயிடிச்சி, மேஸ்திரி திட்டுவாரு, இருந்தாலும் நின்னன். பொண்ணுங்களுக்கு நாலு தட்டி வச்சி ஒரு மறைவு கட்டிக் குடுங்க, அதுக்குத்தான் நான் நிக்கிறன்னு சொன்ன பாரு. அத்தினி பசங்களுக்கு நடுவுல. எனக்குப் புல்லரிச்சிப் போச்சி. என் வாய புடுங்கிக்கினு போயி நீ வச்சிக்கினு பேசுற மாதிரி இருந்திச்சி.

வாசுகி: ஆறாவதுல வீராயின்னு ஒரு புள்ள. இத்தினூண்டு. அது வியாழக்கெழமை என் பாவாடையப் புடிச்சி இழுத்து, அக்கா, நான் போட்ட மணியும் கரைஞ்சிடிச்சான்னு கேட்டுது.

ஆதிலட்சுமி: என்னா சொன்ன?

வாசுகி: ஒன்னுது மேல கெடந்திச்சி, கரையலன்னு சொன்னன். ஆறாவதுதான் மொதல்ல போட்டது. அதுங்க மணி பூரா அடியில.

ஆதிலட்சுமி: படுபாவி. எப்பிடித்தான் மனசு வந்திச்சோ அவனுக்கு. தண்ணி ஊத்துனது நான்தான்னு அவனே சொல்லிக்கினு திரியிறானாமே.

வாசுகி: யாரு?

ஆதிலட்சுமி: தருமராசுதான். பஸ்ஸு ஸ்டாண்டு டீக்கடையில பேசிக்கினாங்க. சாருங்க கேட்டா சத்தியமா இல்லைங்கிறானாம். பசங்க கேட்டா சிரிக்கிறானாம். லீடருன்னா சும்மாவாடான்னு.

வாசுகி: செய்யாதத செஞ்சன்னு சொல்லிக்கினா பசங்ககிட்ட ஒரு பவுசு. அதையும் கத்துக்கினான்.

ஆதிலட்சுமி: செய்யாததுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?

வாசுகி: ...தெரியும். அவ்ளோதான்.

ஆதிலட்சுமி: ஓகோ. அவனுக்குப் பரிஞ்சிக்கினு வர. என்னாடி, லீடரு மேல...

வாசுகி: செருப்பு பிஞ்சிடும்.

ஆதிலட்சுமி: பின்ன என்னா? எனக்கு இருக்கிற ஒரே ஆறுதலே அதான். மணி பச்சையா இருந்தது என் தப்பு. ஆனா தண்ணி ஊத்துனவன் ஒருத்தன் இருக்கான் இல்ல? அவன் ஊத்தலைன்னா நீ இன்னிக்கி லீடரு. பாவத்துல பெரும்பங்கு அவனுக்குத்தான். அதான் நான் சும்மா வுடல. கட்டிட்டன்.

வாசுகி: என்னா கட்டுன?

ஆதிலட்சுமி: பிராது. கொளஞ்சியப்பர் கோயிலுல. என்னா அப்பிடிப் பாக்குற? ஹெட்மாஸ்டருகிட்ட வாய் தொறந்து பேச முடியல. சாமிகிட்ட எழுதிக் குடுத்தா போதுமே. மணவாளநல்லூரு வரைக்கும் நடந்தே போனன். மாடு திருடு போனதுக்கும் வரப்புத் தகராறுக்கும் பிராது கட்ட ஆளுங்க நிக்கிறாங்க, அவங்களோட நானும் நின்னன். பூசாரி சாமி காலடியில வச்சிக் குடுத்தாரு. சுருட்டி, நூலு சுத்தி, வேல்ல கட்டிட்டு நேரா வேலைக்கி வந்தன். ஸ்கூலு எலெக்‌ஷனுக்குப் பிராது கட்டுனது இந்த ஊருலயே நான் ஒருத்திதான் இருப்பன்.

வாசுகி: தருமராசு பேர எழுதுனியா?

ஆதிலட்சுமி: கண்ணால பாக்காம ஒருத்தர் பேர சாமிகிட்ட எழுதலாமா? அந்த ஜாடியில தண்ணி ஊத்துனவங்க யாரா இருந்தாலும்னு எழுதுனன். அதுக்குத் தெரியாதா யாருன்னு.

வாசுகி: என்னா தண்டனை கேட்ட?

ஆதிலட்சுமி: அத வெளிய சொல்லக்கூடாது.

வாசுகி: ஆதி... வாபஸு வாங்கிடு.

ஆதிலட்சுமி: எதுக்கு?

வாசுகி: வாங்கிடுன்னா வாங்கிடு. மறுபடி ஒரு காயிதம் எழுதிக் கட்டுனா போதுமாம், பிராது ரத்தாயிடுமாம். எங்க பெரியம்மா பண்ணியிருக்குது.

ஆதிலட்சுமி: முடியாது. நூத்தம்பது புள்ளைங்க ஓட்ட தண்ணியில கரைச்சவனுக்கு நீ எதுக்கு...

வாசுகி: அவன் இல்லடி.

ஆதிலட்சுமி: பின்ன யாருடி? பாத்தியா நீ?

வாசுகி: அன்னிக்கு மணிய சாரு என் கையில குடுத்தாரில்ல. தட்டிக்குள்ள போயி அத வாயில வச்சி நுனிப்பல்லால கடிச்சன். எங்க வூட்டுல அப்பிடித்தான் பாப்பம், வெந்ததா வேகலையான்னு. பல்லு எறங்கிச்சி. மண்ணு.

ஆதிலட்சுமி: சரி...

வாசுகி: மொத நாளு ராத்திரி எங்கப்பா நான் சொன்ன மாதிரி சத்தமெல்லாம் போடல. அம்மாகிட்ட மெதுவாத்தான் சொன்னாரு. நாளைக்கி இவ ஜெயிச்சா நாளன்னிக்கி இவளுக்குப் பை கெடையாதுன்னு. காலையில சாருகிட்ட போனன், நான் நிக்கலன்னு சொல்றதுக்கு. அவரு ஜாடியில எம் பேர ஒட்டிக்கினு இருந்தாரு. நம்ம ஸ்கூலுல மொத மொத ஒரு பொண்ணுன்னு சொல்லி, ஓரமெல்லாம் வெரலால நீவி நீவி ஒட்டுனாரு. எனக்கு வாய் வரல. ஒன் வியாதி எனக்கும் வந்திடிச்சி அன்னிக்கி.

ஆதிலட்சுமி: வாசுகி...

வாசுகி: எப்பிடியும் தோத்துடுவன்னுதான்டி நெனச்சன். உள்ள போயி பாத்தா என் ஜாடி முக்காவாசி நெறைஞ்சி கெடக்குது. அவனுது பாதிதான். சந்தோசமா இருந்திச்சி. சத்தியமாச் சொல்றன், அத மாதிரி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததே இல்ல. பாத்துக்கினே நின்னன். அப்புறம் என் மணியையும் அதுலதான் போட்டன். போட்டுட்டு... ஜன்னலோரமா பிரஷ் கழுவுறதுக்கு சொம்புல தண்ணி வச்சிருந்தாங்க.

ஆதிலட்சுமி: சொல்லாத. வேணாம்.

வாசுகி: நான்தான் ஊத்துனன். சொம்பு காலியாவுற வரைக்கும். லீடரா ஆவ வேணாம், பதினொண்ணாவது முடிச்சா போதுமின்னு நெனச்சன். வெளியில வரும்போது வீராயி நின்னுக்கினு என்னப் பாத்து சிரிச்சிது. தூக்கை எதுக்குடி மூடுற? திட்டணுமின்னா திட்டு. ஆனா இப்பவே எழுந்திரு, கோயிலுக்குப் போவம். நாளைக்கி சாயங்காலம் கோதண்டபாணி சாரு எங்க வூட்டுக்கு வராரு. பரீட்சை வரைக்குமாவது அனுப்புங்கன்னு எங்கப்பா கால்ல வுழுந்தாவது கேக்குறன்னாரு. அவரு கேக்குற நேரத்துல எம் மேல சாமி குத்தம் எதுவும் இருக்கக் கூடாதுடி. என்னா எழுதுனன்னு மட்டும் சொல்லு. கை வெளங்காமப் போவணுமின்னா? கண்ணு போவணுமின்னா?

ஆதிலட்சுமி: அதெல்லாம் எழுதல... யாரு பெத்த புள்ளயோ, கையும் காலும் நல்லா இருக்கட்டுமின்னுதான் நெனச்சன். என்ன மாதிரியே அவங்களும் இனிமே அந்த ஸ்கூலு படிய மிதிக்கக் கூடாதுன்னு எழுதிட்டன்டி. கட்டுனது வெள்ளிக்கெழமை காத்தால. உங்கப்பாரு வந்தது மத்தியானம்.